சோறு ஆறுவதற்குள் ஓர் ஆமென்

குடும்ப ஜெபம்: வாசகர் கேள்வி – பதில்

சாப்பாட்டு வேளை ஜெபம் பற்றியும், பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கையளிப்பது பற்றியும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

*

கேள்வி: மகனுக்கு மூன்றே கால் வயது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் மாமா ஜெபம் பண்ணுவார்கள். சபை, ஊழியர்கள், வியாதியஸ்தர், தேசத் தலைவர்கள் என்று ஐந்து நிமிஷம் போகும். அதற்குள் இவன் அப்பளத்தை நொறுக்கிவிடுகிறான். அதட்டினால் அழுகிறான்; விட்டுவிட்டால் மாமா முகம் வாடுகிறது. எப்படிப் பழக்குவது?
– ஒரு மருமகள், நாசரேத்

பதில்: அப்பளத்தை நொறுக்குகிறவன் மேல் குற்றம் இல்லை, சகோதரி. பசியோடு இருக்கிற மூன்று வயதுப் பிள்ளை, சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பது பதினைந்து இருபது வினாடிதான். அதற்குமேல் நீள்வது அவனுக்கு ஜெபமாகத் தெரியாது. தன் சோற்றைத் தடுத்து நிற்கிற ஏதோ ஒன்றாகத்தான் தெரியும். தினமும் அப்படித் தெரிந்தால், ஜெபம் என்ற சொல்லோடு அந்த எரிச்சலும் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பரிமாறும் வரிசையை மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் எல்லாவற்றையும் தட்டில் வைத்த பிறகுதான் ஜெபம் தொடங்குகிறது. சோறும் குழம்பும் பாத்திரத்திலேயே நடுவில் இருக்கட்டும். தட்டு வெறுமையாக இருக்கட்டும். அப்பளம், வற்றல் மாதிரி கைக்கு எட்டுகிற சாமான் ஆமெனுக்குப் பிறகு வரட்டும். எல்லோரும் கை கழுவி உட்கார்ந்து, கடைசி ஆளும் வந்த பிறகே தொடங்குங்கள். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் அடுக்களையில் நிற்கும் நீங்கள்தான். சமைத்தவர் தோசைக்கல்லின் பக்கத்தில் நிற்க, மற்றவர்கள் அந்தச் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி முடிப்பது சரியான பாடம் இல்லை. ஆமென் சொன்ன கையோடு பிள்ளையின் தட்டில் முதல் கரண்டி விழ வேண்டும். நன்றியும் சோறும் ஒட்டி வந்தால்தான் இரண்டுக்கும் உள்ள உறவு அவனுக்குப் பிடிபடும்.

கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கை குவிந்திருந்தால் போதும். குவிந்த கை தட்டுக்குப் போகாது. கண் திறந்திருக்கும் பிள்ளை தாத்தாவின் முகத்தைப் பார்க்கிறது. அவர் யாரோ ஒருவரிடம் பணிவோடு பேசுகிறார் என்பதை அந்த முகத்திலிருந்துதான் அது படிக்கிறது. படிக்கட்டும்.

சொல்லித்தர வேண்டிய வார்த்தை நான்கு துண்டு: "ஆண்டவரே. / இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. / சமைத்தவங்களை ஆசீர்வதியும். / ஆமென்." ஒவ்வொரு துண்டையும் பெரியவர் சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்ல, பன்னிரண்டு வினாடியில் முடிந்துவிடும். இரண்டு வயதில் ஆமென் மட்டும் போதும். மூன்றில் துண்டு துண்டாகப் பின்தொடரலாம். நாலரை, ஐந்தில் தனியாகச் சொல்ல வரும். ஆறு ஏழில், "இன்றைக்கு வேறு எதற்கு நன்றி சொல்லலாம்?" என்று கேட்டு, சொந்தமாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எட்டு வயதுக்குமேல் வீட்டில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைக்கலாம். அடுத்த படிக்குப் போனதும் ஒன்றிரண்டு வாரம் பழைய படிக்கே சறுக்கும். காய்ச்சல், ஊர்ப் பயணம் வந்தாலும் சறுக்கும். அப்போது எரிந்து விழாமல் பழைய படியிலிருந்தே மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் ஜெபத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டாம். இடத்தை மாற்றினால் போதும். அதை உங்கள் கணவர் பேசட்டும். "சாப்பாட்டு ஜெபத்தைப் பேரனுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கப்பா. மற்ற ஜெபத்தைச் சாப்பிட்டுப் பாய் விரித்த பிறகு எல்லோருமாக உட்கார்ந்து பண்ணலாம்." சபைக்கும் தேசத்துக்கும் ஜெபிக்க அதுதான் நல்ல நேரம். சோற்றுக்கு முன் சொல்லும் ஜெபத்தில் சோற்றுக்கான நன்றி மட்டும் இருக்கட்டும். இந்தப் பக்கத்தில் நாங்கள் சொல்லப்போகிற பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்: நன்றி சொல்லும் இடத்தில் வேறு சுமையை ஏற்றாதீர்கள்.

*

கேள்வி: நான் கத்தோலிக்கர், கணவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற சீர்திருத்த சபை). எங்கள் வீட்டில் மனப்பாட செபம். அவர் வீட்டில் மனதில் தோன்றுவதைச் சொல்வார்கள். "மனப்பாடம் கிளிப்பிள்ளைப் பேச்சு" என்கிறார் மாமியார். "தினம் ஒரு மாதிரி சொன்னால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?" என்கிறார் என் அம்மா. மகளுக்கு ஐந்து வயது. சிலுவை அடையாளம் போடுவதா வேண்டாமா என்பதிலும் இழுபறி.
– தூத்துக்குடி வாசகி

பதில்: இரண்டு அம்மாக்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மனப்பாட செபம் பிள்ளைக்குக் கைப்பிடிச் சுவர் மாதிரி. களைப்பிலும் துக்கத்திலும் சொந்த வார்த்தை வராதபோது அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். சொந்த வார்த்தை வந்தால்தான் அந்தப் பிள்ளை ஆண்டவரிடம் நேராகப் பேசுகிறது என்று தெரியும். ஐந்து வயதுக்கு முதலில் மனப்பாடம், அதன் முடிவில் சொந்தமாக ஒரு வரி. இரண்டையும் ஒரே ஜெபத்தில் வைத்துவிட்டால் சண்டைக்கு இடம் இல்லை.

உங்கள் கரையில் இதற்குப் பழைய வரலாறு உண்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், கைமணி அடித்துக்கொண்டு தெருவில் போய்ச் சிறுவர்களைக் கூட்டி, தமிழாக்கிய செபங்களை மனப்பாடம் செய்வித்தார். கற்றதை வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவருக்குப் பின் அங்கே உழைத்த அண்டிரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல், பதினாறே பக்கம். செபமும் மறைக்கல்வியுமே அதன் பொருள்.

மாமியார் வீட்டாருக்கும் ஒன்று சொல்லலாம். சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் 1529-ல் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூலில், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குச் சாப்பாட்டு ஜெபத்தை எப்படிக் கற்றுத்தர வேண்டும் என்று தனிப் பகுதியே இருக்கிறது. 145-ஆம் சங்கீதத்தின் இரண்டு வசனம், கர்த்தருடைய ஜெபம், பிறகு ஒரு சிறு ஜெபம். எல்லாம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டியவை. அதே நூலில் காலை, இரவு ஜெபங்களைச் சிலுவை அடையாளத்தோடு தொடங்கும்படியும் எழுதியிருக்கிறார். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். ஆகவே மனப்பாட ஜெபமும் சிலுவை அடையாளமும் சீர்திருத்த சபைகளின் பரம்பரைக்கு அந்நியம் இல்லை.

நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சிலுவை அடையாளம் போடுகிறவர் போடட்டும், போடாதவர் கை குவித்து அமைதியாக இருக்கட்டும். மகளிடம், "அம்மா இப்படி, அப்பா அப்படி, கேட்கிறவர் ஒருவர்தான்" என்று சொன்னால் ஐந்து வயதுக்குத் தாராளமாகப் புரியும். கட்டாயப்படுத்தினாலும் கேலி செய்தாலும்தான் அவள் குழம்புவாள். வார்த்தை வேறுபாட்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் 'எங்கள் தந்தையே', இன்னொரு வீட்டில் 'எங்கள் பிதாவே'. சி.எஸ்.ஐ. வழக்கில் கடைசியில் ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் வரும். கத்தோலிக்க வீட்டில் அதற்கு முன்பே ஆமென் வந்துவிடும். பாட்டி வீட்டில் எல்லோரும் தொடரும்போது தான் மட்டும் ஆமென் சொல்லி நிறுத்திவிட்ட வெட்கம் பிள்ளைக்குப் பெரிது. இரண்டு வடிவத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்த வெட்கம் வராது.

இன்னொன்று. பழைய செபங்களில் உள்ள 'தேவரீர்', 'போஜனம்', 'சர்வேசுரன்' போன்ற சொற்களை மாற்ற வேண்டாம், ஆனால் பொருள் சொல்லாமல் விடாதீர்கள். வாரம் ஒரு சொல் போதும். 'போஜனம்' என்றால் சாப்பாடு என்று தெரியாமலே பத்து வருஷம் சொல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

*

கேள்வி: சாப்பிட்ட பிறகும் ஜெபம் உண்டா?
– பரமக்குடி வாசகர்

பதில்: உண்டு. உபாகமம் 8:10 சாப்பிட்டுத் திருப்தியான பிறகு கர்த்தரைத் துதிக்கத்தான் சொல்கிறது. யூதர்களின் உணவுக்குப் பிந்தைய நீண்ட ஜெபம் அந்த வசனத்தில் வேர்கொண்டது. லூத்தரின் நூலிலும் உணவுக்குப் பின் சொல்லும் ஜெபம் தனியாக உண்டு. நம் வீடுகளில் இது ஏறக்குறைய மறைந்துவிட்டது. காரணம் எளிது: ஆளுக்கு ஒரு நேரத்தில் எழுந்து கை கழுவப் போய்விடுகிறோம். எழுந்திருக்கும் முன் "ஆண்டவரே, நிறைந்தது, நன்றி" என்று ஒரே வரி சொன்னால் போதும். சிறு பிள்ளைகளுக்கு இது முன்ஜெபத்தைவிட எளிதாக வரும். வயிறு நிறைந்திருக்கிறது அல்லவா?

*

கேள்வி: பையனுக்குப் பதினைந்து வயது. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறான், ஆனால் வீட்டில் ஜெபம் சொல்லச் சொன்னால் "இது வெறும் பழக்கம், எனக்கு நம்பிக்கை இல்லாமல் ஏன் சொல்ல வேண்டும்?" என்கிறான். அவன் சொல்லும் வரை யாரும் சாப்பிடக்கூடாது என்று ஒருநாள் இருந்து பார்த்தேன். அவன் எழுந்து போய்விட்டான்.
– ஒரு தகப்பன், சென்னை

பதில்: ஐயா, உங்கள் மன வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த இரவு போல இன்னொரு இரவு வேண்டாம். ஜெபத்துக்குச் சோற்றைப் பணயம் வைத்தால், இரண்டும் கேட்காமல் கிடைத்த கொடை என்று நீங்கள் பதினைந்து வருஷமாகச் சொல்லிவந்தது அழிந்துபோகும்.

அவன் பேச்சில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம்பிக்கை இல்லாமல் சொல்ல மாட்டேன் என்பவன் வார்த்தைக்கு மதிப்புக் கொடுக்கிறான். மனுஷர் காணும்படி ஜெபிக்கிறவர்களையும் வீண்வார்த்தை அலப்புகிறவர்களையும் பற்றி மத்தேயு 6-ல் இயேசு சொன்னதை அவனோடு சேர்ந்து வாசியுங்கள். தன் கேள்வி வேதாகமத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தால் பல பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இப்போதைக்கு அவனிடம் கேட்கத் தகுந்தது ஒன்றுதான்: மற்றவர்கள் ஜெபிக்கிற பதினைந்து வினாடி, கை நனைக்காமல் உடனிருப்பது. அது மரியாதை, அதை வீட்டில் யாரிடமும் எதிர்பார்க்கலாம். ஜெபம் சொல்வதும் ஆமென் சொல்வதும் அவன் விருப்பத்துக்கு. ஆமென் சொன்னானா என்று ஓரக்கண்ணால் பார்க்கவும் வேண்டாம். அது அவனுக்குத் தெரியும்.

அடுத்து, உங்கள் ஜெபத்தையே கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். "ஆண்டவரே, இந்த உணவுக்கு ஸ்தோத்திரம். இந்தப் பிள்ளை போனைக் கீழே வைத்துவிட்டு ஒழுங்காகப் படிக்கவும், பெரியவர்களுக்குக் கீழ்ப்படியவும் கிருபை செய்யும்." பல வீடுகளில் ஒலிக்கிற ஜெபம் இது. கண்ணை மூடியிருக்கிற பையன் என்ன கேட்கிறான்? அப்பா ஆண்டவரிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசுகிறார், நான் பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துப் பேசுகிறார் என்று கேட்கிறான். அவனிடம் சொல்ல வேண்டியதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவனுக்காக ஆண்டவரிடம் கேட்க வேண்டியதை உங்கள் அறையில் கதவைச் சாத்திக் கேளுங்கள்.

வேறொன்றையும் பிள்ளைகள் கணக்கில் வைத்திருக்கிறார்கள்: அம்மாவிடம் கத்தி முடித்த வாயால் அப்பா ஜெபம் சொல்கிற இரவுகள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார் ஆண்டவர். அப்படிப்பட்ட இரவில் ஜெபத்துக்கு முன், பிள்ளைகள் கேட்கவே, "நான் கத்தியது தப்பு, மன்னித்துக்கொள்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பதினைந்து வயதில் எந்தப் பிரசங்கத்தையும்விட அந்த ஒரு வரி உள்ளே போகும்.

கேள்விகளுக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். சாப்பாட்டு மேசையில் தங்கை, பாட்டி எல்லோர் முன்னும் வேண்டாம். ஞாயிறு மாலை இருவரும் நடக்கப் போகும்போது பேசலாம். தெரியாததற்கு "தெரியவில்லை, நம் சபை ஆயரிடம் சேர்ந்து போய்க் கேட்போம்" என்று சொல்லுங்கள். ஆயர் முன்னால் அவனைக் குற்றவாளியாக நிறுத்தாமல், கேள்வியை நீங்களே கேளுங்கள். திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டுச் சபையில் உறுதிப்படும் சடங்கு) வகுப்புக்கு வயது வந்துவிட்டது, கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் சேர்கிறார்கள் என்பதற்காக அவன் பெயரைக் கொடுக்காதீர்கள். ஓர் ஆண்டு கழித்துத் தானே கேட்டுச் சேர்ந்தால் அது அவனுடைய வாக்குறுதியாக இருக்கும்.

*

கேள்வி: அப்பா துபாயில் இருக்கிறார். எனக்கு வாரம் மாறி மாறி இரவு ஷிப்டு. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது மாதத்தில் நான்கைந்து தடவைதான். இந்த வீட்டில் குடும்ப ஜெபம் என்று எதைச் சொல்வது?
– செவிலியர், இரண்டு பிள்ளைகளின் தாய், நாகர்கோவில்

பதில்: இரண்டு பேர் உட்கார்ந்தாலே குடும்ப ஜெபம்தான், சகோதரி. தினமும் மூன்று வேளையும் என்று திட்டம் போட்டால் முதல் வாரமே உடையும்; உடைந்ததும் விட்டுவிடத் தோன்றும். வாரத்தில் எந்தச் சாப்பாடு கட்டாயம் நடக்கும் என்று பாருங்கள். பகல் ஷிப்டு வாரத்தில் இரவுச் சாப்பாடு, இரவு ஷிப்டு வாரத்தில் நீங்கள் வீடு வந்ததும் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் சாப்பிடும் இட்லி. வாரத்துக்கு ஒரு வேளையைத் தேர்ந்து, அதை மட்டும் விடாமல் பிடியுங்கள்.

துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ராத்திரி 9 மணி என்றால் அங்கே 7:30. வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரத்தில் வீடியோ அழைப்பு போட்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, அப்பாவையே ஜெபம் சொல்லச் சொல்லுங்கள். சவூதி, கத்தார், குவைத்தில் இருப்பவர்களுக்கு இரண்டரை மணி நேரம் வித்தியாசம். அங்கே 6:30 ஆகும், வேலை முடிந்திருக்காது. அவர்கள் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்துகொள்ளலாம். இணைப்பு அடிக்கடி அறுந்தால் அப்பாவின் ஜெபத்தை முன்கூட்டிக் குரல் செய்தியாக வாங்கி வையுங்கள். ஆனால் வாரம் ஒரு புதிய செய்தி வர வேண்டும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டால் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அதில் பிள்ளையின் பெயரும் அந்த வாரத்து விஷயம் ஒன்றும், பரீட்சையோ பல் விழுந்ததோ, இருந்தால் போதும்.

நீங்கள் வேலையில் இருக்கும் இரவு, பெரிய பிள்ளை சின்னதுக்கு ஜெபம் சொல்லட்டும். அதற்குப் பொறுப்புக் கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள்.

*

கேள்வி: "எங்களுக்குச் சாப்பாடு தந்ததற்கு நன்றி" என்று சொல்லி முடித்ததும் ஏழு வயது மகள் கேட்டாள்: "அப்போ சாப்பாடு இல்லாதவங்களுக்கு ஏன் தரல?" எங்களுக்குப் பதில் வரவில்லை.
– திண்டுக்கல் தம்பதியர்

பதில்: நல்ல கேள்வி. மழுப்ப வேண்டாம். "அவர்கள் பாவம்" என்றோ "அவர்கள் ஜெபிக்கவில்லை" என்றோ சொல்லவே கூடாது. இரண்டாவது பதில் பொய்யும்கூட. ஏழு வயதுக்கு இப்படிச் சொல்லலாம்: "ஆண்டவர் எல்லோருக்கும் போதுமான அளவு விளையச் செய்கிறார். அது எல்லோர் தட்டுக்கும் போய்ச் சேரவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் நமக்கும் பங்கு இருக்கிறது." இதைச் சொன்ன பிறகு ஏதாவது செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவள் நம்பமாட்டாள்.

செய்வதற்குப் பழைய வழி ஒன்று கையிலேயே இருக்கிறது: பிடியரிசி. உலையில் போட அரிசியை அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவது. அளந்த பிறகு எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரிசிப் பானையிலிருந்து எடுத்தால் அது சேமிப்பு. உலைக்கு அளந்ததிலிருந்து எடுத்தால் நம் தட்டில் கொஞ்சம் குறைகிறது. மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-ல் இதைத் தொடங்கி, வேளைக்கு ஒரு பிடி அரிசியிலேயே ஊழியத்தைத் தாங்கி வந்திருக்கிறார்கள்.

கணக்குப் பாருங்கள். பெரியவர் கையில் ஒரு பிடி அரிசி சுமார் 45 கிராம் வரும். தராசில் வைத்து நீங்களே நிறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளை, முப்பது நாள் என்றால் 2.7 கிலோ. ஏழு வயதுக் கையில் இருபது கிராம்தான் நிற்கும். தினம் ஒரு பிடி என்றால் மாதம் 600 கிராம். இரண்டும் சேர்ந்து 3.3 கிலோ. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 125 கிராம் அரிசி என்றால் இருபத்தாறு வேளைச் சோறு. இந்தக் கணக்கை மகளையே போடச் சொல்லுங்கள்.

சில வீடுகளில் இது இரண்டு மாதத்தில் நின்றுபோகிறது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஈரக் கையால் எடுத்தால் பூசணம் பிடிக்கும். அரிசி கழுவும் முன், காய்ந்த கையால் எடுங்கள். பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் ஒன்றாகப் போட்டால் வேகும் நேரம் வேறு என்பதால் வாங்குகிறவர் சமைக்க முடியாமல் தவிப்பார். இரண்டு டப்பா வையுங்கள். ஒரு மாதத்துக்குமேல் தேங்கினால் வண்டு வரும். நான்கைந்து காய்ந்த மிளகாயோ உலர்ந்த வேப்பிலையோ போட்டு வைக்கலாம், ஆனால் மாதாமாதம் காலி செய்வதே உறுதியான வழி. முக்கியமான காரணம், போகும் இடம் தெரியாதது. முதியோர் இல்லமோ, சபையின் ஏழைகள் உதவிப் பிரிவோ, தெருமுனையில் தனியாக இருக்கும் ஆச்சியோ, யாருக்கு என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். மாதக் கடைசியில் மகளே கையில் எடுத்துக்கொண்டு போகட்டும். கொடுக்கும்போது போட்டோ வேண்டாம். வாங்குகிறவருக்கும் முகம் உண்டு.

அதன்பின் ஜெபத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். "எங்களுக்குத் தந்த" என்பதற்குப் பதிலாக "எங்களை நம்பித் தந்த". அவள் பொருள் கேட்பாள். டப்பாவைக் காட்டுங்கள்.

*

கேள்வி: ஒன்பது வயது மகன் தவக்காலத்தில் ஒருசந்தி (நாளுக்கு ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) இருக்க ஆசைப்படுகிறான். விடலாமா?
– வேளாங்கண்ணி வாசகி

பதில்: வேண்டாம். கத்தோலிக்க திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு, அறுபதாம் வயது தொடங்கும் வரை. வளரும் பிள்ளை வேளைச் சோற்றை விடக்கூடாது. ஆசையை மட்டும் அணைத்துவிடாதீர்கள். சாயங்காலம் வாங்கித் தின்னும் பண்டத்தை வெள்ளிக்கிழமைகளில் விட்டு, அந்தக் காசை உண்டியலில் போடட்டும். பெரிய வெள்ளியோடு சேர்த்து ஏழு வெள்ளி வரும். பெரிய வெள்ளியன்று அவனே எண்ணிக் காணிக்கையாகக் கொடுக்கட்டும்.

*

கேள்வி: ஆறாம் வகுப்பு மகள் பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறந்து ஜெபித்தபோது பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இப்போது செய்வதில்லை, அதைச் சொல்லி அழுகிறாள். பக்கத்து வீட்டிலிருந்து வரும் கொழுக்கட்டை, சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிடலாமா என்றும் கேட்கிறாள்.
– மதுரை வாசகி

பதில்: ஆண்டவரை மறுதலித்துவிட்டோமோ என்ற பயம் அவளுக்கு இருக்கிறது. முதலில் அதை எடுத்துவிடுங்கள். டிபன் பாக்ஸ் மூடியில் கை வைத்தபடி, கண் திறந்தபடி, மனதுக்குள் "நன்றி ஆண்டவரே" என்றால் அதுவும் முழு ஜெபம். மூன்று வினாடி, யாருக்கும் தெரியாது. தைரியம் வரும் நாளில் கை குவிக்கட்டும், வராத நாளில் வேண்டாம். அப்போஸ்தலர் 27-ல் புயலில் சிக்கிய கப்பலில் பவுல் எல்லோர் முன்னும் ஸ்தோத்திரம் செய்து அப்பத்தைப் பிட்டு உண்டார். கப்பலில் 276 பேர், பெரும்பாலோர் அவருடைய விசுவாசத்தைச் சேராதவர்கள். அவர் பிரசங்கம் பண்ணவில்லை. நன்றி சொன்னார், சாப்பிட்டார். பார்த்தவர்களும் திடமனப்பட்டுச் சாப்பிட்டார்கள். இந்தப் பகுதியை அவளோடு வாசியுங்கள்.

கொழுக்கட்டை பற்றி விசுவாசிகளின் வீடுகளிலேயே இரண்டு வழக்கம் உண்டு. 1 கொரிந்தியர் 10-ல் பவுல், அழைத்தவர் வீட்டில் வைப்பதை விசாரியாமல் உண்ணலாம் என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சியை முன்னிட்டு விட்டுவிடச் சொல்கிறார். உங்கள் வீட்டு வழக்கம் எது என்பதைக் கணவன் மனைவி பேசி முடித்துப் பிள்ளைக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். எதுவானாலும் வாசலில் தட்டை நீட்டுகிற அக்கா முகம் சுருங்கக்கூடாது. வாங்கிக்கொள்ளும் வீடு என்றால் சந்தோஷமாக வாங்கட்டும். இல்லை என்றால், "எங்க வீட்டில் படைத்ததைச் சாப்பிட மாட்டோம் அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்று அம்மா நேரே சொல்ல வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு பின்வாசல் வழியே குப்பையில் கொட்டுவது மட்டும் எந்த வீட்டு வழக்கமாகவும் இருக்கக்கூடாது. அதைப் பார்த்த பிள்ளை அன்று இரவு உணவுக்கு நன்றி சொல்லும்போது குழம்பும்.

*

கேள்வி: மகன் வீட்டில் ஜெபமே இல்லை. மருமகளுக்கும் ஈடுபாடு இல்லை. மே மாதம் பேரப்பிள்ளைகள் இருவர் மூன்று வாரம் என்னிடம் இருப்பார்கள். நான் சொல்லிக்கொடுக்கலாமா? வயது ஐந்தும் எட்டும்.
– ஒரு பாட்டி, பாளையங்கோட்டை

பதில்: சொல்லிக்கொடுக்கலாம் அம்மா, மகனிடமும் மருமகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. "இங்கே இருக்கும் வரை எங்கள் வழக்கப்படி சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணுவோம், சரிதானே?" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கேட்காமல் செய்தால் பிள்ளைகள் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். அடுத்த மே மாதம் அனுப்பத் தயங்குவார்கள்.

தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் பிறகு தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். தகப்பனோ கிரேக்கன். ஒரு தலைமுறை விட்டாலும் கயிறு அறுந்துவிடுவதில்லை. "உங்க அப்பா இதையெல்லாம் மறந்துட்டான்" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அவர்கள் அப்பாவின் பக்கம்தான் நிற்பார்கள், நிற்கவும் வேண்டும்.

மூன்று வாரத்தில் நிறையத் திணிக்க ஆசை வரும். ஒரே ஒரு சாப்பாட்டு ஜெபம், ஒரே ஒரு கீர்த்தனையின் பல்லவி, போதும். முதல் வாரம் நீங்கள் மட்டும் சொல்லுங்கள், அவர்கள் கேட்கட்டும். இரண்டாம் வாரம் சேர்ந்து சொல்லுங்கள். மூன்றாம் வாரம் எட்டு வயதுக்காரர் சொல்லட்டும், சின்னது ஆமென் போடட்டும். பாட்டை ஜெப நேரத்தில் சொல்லிக்கொடுப்பதைவிட, பயறு உடைக்கும்போதோ பூத் தொடுக்கும்போதோ நீங்கள் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தால் கேட்காமலே பிடித்துக்கொள்வார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி அந்த வாரங்களில் நடந்தால் அனுப்புங்கள். போகமாட்டேன் என்றால் இழுக்க வேண்டாம்.

சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகை அந்த நாட்களில் வந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். குவித்து வைத்த சோற்றின் முன் ஆயர் ஜெபிக்க, ஊரே இலையைத் தொடாமல் காத்திருப்பதைப் பிள்ளைகள் ஒருமுறை பார்க்க வேண்டும். முன் வரிசையில் உட்கார வையுங்கள். பின்னால் இருந்தால் உயரம் பற்றாது, சோற்றுக் குவியல் தெரியாது.

ஊருக்குப் போகும்போது அந்த ஜெபத்தைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எட்டு வயதுக்காரரின் கையாலேயே எழுத வைத்து, பையில் போட்டு அனுப்புங்கள். எங்கே மாட்டுவது, மாட்டுவதா வேண்டாமா என்பதை அவர்கள் வீட்டில் தீர்மானிக்கட்டும்.